அன்னபூர்ணா தேவியின் சுர்பஹாரைக் கேட்பது எப்படி

அன்னபூர்ணா தேவி என்றதும் எல்லோரும் சொல்வது ‘சித்தார் கலைஞர் ரவி சங்கரின் முதல் மனைவி’ என்றுதான். 1941இல் அல்மோராவில் திருமணம், மறு வருடமே மகன், 1950களில் மேடையை விட்டு விலகல், 1982இல் விவாகரத்து. மணமுறிவின் கதையைப் பேசிப் பேசியே பலர் அவருடைய வாத்தியத்தைக் கேட்காமல் விட்டுவிட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய ஆதங்கம்.

தந்தை அலாவுதீன் கான் மத்தியப் பிரதேசத்தின் மைஹரில் அவருக்கு முதலில் சித்தார் கற்றுக்கொடுத்து, பிறகு சுர்பஹாருக்கு மாற்றினார். இது சித்தாரை விடப் பெரியது. தண்டி அகலம், தந்திகள் தடிமன், சுருதியும் கீழே. ஒருமுறை மீட்டினால் நாதம் வெகுநேரம் நிற்கும். ஆலாபனைக்கு அது வரம். துரிதமாக வாசித்தாலோ முந்தைய சுரம் அடங்குவதற்குள் அடுத்தது விழுந்து எல்லாம் குழம்பிவிடும்.

இதன் உயிர் ‘மீண்ட்’ என்ற உத்தியில், அதாவது தந்தியை இழுத்துச் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்வதில் இருக்கிறது. ஒரே மெட்டில் (தண்டியின் குறுக்கே உள்ள கம்பியில்) தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தே நாலைந்து சுரங்களைத் தொடலாம். தேர்ந்த கை அதையும் தாண்டும். எவ்வளவு இழுப்பது என்பதற்கு மெட்டில் அடையாளம் ஏதும் கிடையாது. போய்ச் சேர வேண்டிய சுரம் முன்கூட்டியே காதில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அபசுரம்தான். தடித்த தந்தி விரலை அறுக்கும். ஆழமாக இழுத்த பின் சுருதி இறங்குவதும் உண்டு, வாசிப்பின் நடுவிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அன்னபூர்ணா தேவி மாணவர்களுக்குப் பாடிக் காட்டியே சொல்லிக்கொடுத்ததன் பொருத்தம் இங்கே விளங்கும். சுரம் குரலில் பிடிபட்டுவிட்டால் அதைச் சித்தாரிலும் கொண்டுவரலாம், குழலிலும் கொண்டுவரலாம். சித்தார் கலைஞர் நிகில் பானர்ஜியும் புல்லாங்குழல் கலைஞர் ஹரிபிரசாத் சௌராசியாவும் அவரிடம் பயின்றவர்கள். சௌராசியா பெயர் பெற்ற பிறகு வந்தவர். அவரையும் அடிப்படையிலிருந்தே தொடங்க வைத்தார்.

கிடைக்கும் ஒலிப்பதிவுகள் கொஞ்சம், அவையும் பழையவை, இரைச்சல் இருக்கும். ரவி சங்கரோடு வாசித்த யமன் கல்யாண் ராகத்தில் தொடங்குங்கள். கைப்பேசியின் ஸ்பீக்கர் வேண்டாம், மந்தர ஸ்தாயி அதில் காணாமல் போய்விடும், ஹெட்போன் அவசியம். முதல் தடவை சித்தாரை விட்டுவிட்டுக் கீழே ஒலிக்கும் வாத்தியத்தை மட்டும் பின்தொடருங்கள். மீட்டு விழும் கணத்தை விட, அது விழுந்த பிறகு நாதம் எங்கே நகர்கிறது என்பதில் கவனம் வையுங்கள். அடுத்து நிகில் பானர்ஜியின் ஆலாபனை ஒன்றைப் போட்டால், அதே நிதானமான இழுப்பு சித்தாரில் கேட்கும்.