எம்.எஸ். நோயும் ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ.வும்

எங்கள் குடும்பத்தில் ஒருவர், உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே மூளை, தண்டுவட நரம்பிழைகளின் உறையைத் தாக்கிச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் எம்.எஸ். நோயுடன் வாழ்ந்துவருவதால், "ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்து பார்த்தீர்களா?" என்று உறவினர்கள் அக்கறையோடு கேட்கிறார்கள். ரத்தத்தில் இருவகையான டி.என்.ஏ. செய்திகள் உள்ளன என்பதையும், நோயாளிக்கு அதிகம் உதவக்கூடியது அவர்கள் மனத்தில் வைத்துக் கேட்கும் வகை அன்று என்பதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் வகை, பிறவியிலேயே வந்தது. நோயெதிர்ப்போடு தொடர்புடைய எச்.எல்.ஏ. மரபணுக்களுக்கும் எம்.எஸ். நோய்க்கும் உள்ள தொடர்பு 1970களிலேயே தெரிந்துவிட்டது, அவற்றுள் டி.ஆர்.பி.1*15:01 என்ற வடிவத்தைக் கொண்டவருக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 3 மடங்காகிறது. 2019இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, 47,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுத் தரவுகளைக் கொண்டு, நோயோடு தொடர்புடைய 233 மரபுவேறுபாடுகளை இனங்கண்டது. ஆயினும், அந்த எச்.எல்.ஏ. வடிவம் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எம்.எஸ். வருவதே இல்லை. ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தாலும், மற்றவருக்கும் வருவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். அந்த ஆய்வில் இடம்பெற்றவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதால், அதிலிருந்து கணக்கிட்ட, நோய் வரும் வாய்ப்பைக் காட்டும் மதிப்பெண்ணை நம்மவருக்கு அப்படியே பொருத்துவதும் சரியாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிறந்த நாள் முதல் மாறாத ஒரு வரிசை, இந்த மாதம் மூளையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல இயலாது.

அதைச் சொல்லக்கூடியது இரண்டாவது வகை. உடலில் எந்தச் செல் இறந்தாலும் அதன் டி.என்.ஏ. சிறு துணுக்குகளாக உடைந்து, ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து, சில மணி நேரத்துக்குள் மறைந்துவிடுகிறது. 1948இல் பிரான்சின் மாண்டெல், மெத்தே ஆகிய இருவரும் இத்தகைய டி.என்.ஏ.வை முதன்முதலில் விவரித்தார்கள். ஆனால் எல்லாச் செல்களிலும் டி.என்.ஏ. வரிசை ஏறக்குறைய ஒன்றேயாக இருக்க, ஒரு துணுக்கு மூளையிலிருந்து வந்தது என்று எப்படி அறிவது?

விடை, டி.என்.ஏ.வின் மேல் ஒட்டியிருக்கும், மெத்தில் குறிகள் எனப்படும் சிறு வேதிக் குறிகளில் இருக்கிறது. எம்.எஸ். நோயில் சிதையும் மைலின் என்ற உறையை நரம்பிழையைச் சுற்றி உருவாக்கும் ஒலிகோடென்ட்ரோசைட் செல்களில், மைலின் புரதமொன்றுக்குரிய எம்.பி.பி. மரபணுப் பகுதியின் சில இடங்களில் அக்குறிகள் இருப்பதில்லை. மற்றச் செல்களில் பெரும்பாலும் இருக்கின்றன. பைசல்பைட் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால், டி.என்.ஏ. வரிசையின் நான்கு எழுத்துகளில் ஒன்றான 'சி', குறி இல்லாதபோது, வரிசையைப் படிக்கையில் 'டி' என்று தெரியும். குறி உள்ள 'சி' அப்படியே நிற்கும். ஓரிடம் மட்டும் மாறியிருந்தால் அதை நம்ப முடியாது. அடுத்தடுத்த பல இடங்களும் ஒரே துணுக்கில் சேர்ந்து மாறியிருந்தால், இறந்தது ஒலிகோடென்ட்ரோசைட் என்று உறுதியோடு சொல்லலாம். இந்தத் தருக்கத்தின் தெளிவு என்னை மிகவும் கவர்ந்தது.

2016இல் ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யுவல் டோர், ரூத் ஷெமர் ஆகியோரும், ஹதாசா மருத்துவமனையின் பெஞ்சமின் கிளேசரும் உள்ளிட்ட குழு, நோய் மீண்டும் கிளர்ந்த நிலையில் இருந்த எம்.எஸ். நோயாளிகளின் ரத்தத்தில் இத்தகைய துணுக்குகளைக் கண்டது. அதே ஆண்டில் அமெரிக்கக் குழு ஒன்று, மைலினின் மற்றொரு புரதத்துக்குரிய எம்.ஓ.ஜி. மரபணுவைக் கொண்டு இதே வழியில் சென்றது.

நரம்பிழை சிதையும்போது கசியும், இப்போது ரத்தத்தில் அளக்கப்படும் நியூரோஃபிலமெண்ட் புரதமும் பயனுள்ளதே. ஆனால் அது பக்கவாதத்திலும் தலைக்காயத்திலும் கூடுகிறது, வயதோடும் ஏறுகிறது. மெத்தில் குறியோ எந்த வகைச் செல் இறந்தது என்பதையே சுட்டுகிறது.

தடைகள் சிறியவை அல்ல. ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ.வில் பெரும்பங்கு ரத்த அணுக்களுடையது. மூளையின் பங்கு மிகச் சொற்பம். சாதாரணக் குழாயில் எடுத்த ரத்தத்தைச் சில மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்காவிட்டால், வெள்ளையணுக்கள் உடைந்து அந்தச் சொற்பத்தையும் மூழ்கடித்துவிடும். எனவேதான் நோயைக் கண்டறிய இன்றும் அறிகுறிகள், எம்.ஆர்.ஐ., தண்டுவட நீர்ப் பரிசோதனை ஆகியவற்றையே மருத்துவர்கள் சார்ந்திருக்கிறார்கள்.

நான் மிகவும் எதிர்பார்ப்பது, ஒரே நோயாளிகளிடம் மாதந்தோறும் ரத்தம் எடுத்து எம்.ஆர்.ஐ.யோடு ஒப்பிடும் பெரிய ஆய்வுகளையே. படத்தில் புதிய புண் தெரிவதற்கு முன்பே இத்துணுக்குகள் கூடுமானால், மருந்து வேலை செய்யவில்லை என்பதை அடுத்த பாதிப்புக்காகக் காத்திருக்காமலேயே அறிந்து, உரிய காலத்தில் மருந்தை மாற்ற முடியும்.