40.4 வராமல் இழுத்தடித்த எம்.எஸ்சி. புராஜெக்ட்

எம்.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸில் முதல் மூன்று செமஸ்டர் எனக்குப் பெரிய தொல்லை கொடுக்கவில்லை. கிராமர்-ராவ் தேற்றத்தின் நிரூபணத்தை எழுதச் சொன்னால் மூச்சுவிடாமல் எழுதிவிடுவேன், மனப்பாடம்தானே என்று கேட்டால் கோபமும் வராது, பாதி அப்படித்தான். அதுவரை கையில் தொட்ட தரவு என்றால் புள்ளியியலாளர் ஃபிஷரின் 150 ஐரிஸ் பூக்களின் அளவுகளும் தேர்வுத்தாளில் வரும் பத்து எண்களும்தான்.

நான்காம் செமஸ்டரில் புராஜெக்ட். தலைப்பு, தமிழ்நாட்டுப் பெண்களிடம் உடல் பருமன். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று (2019-21) தரவு, எதற்கு வேண்டும் என்று எழுதிக்கொடுத்ததும் இலவசமாகவே கிடைத்தது. திறந்தேன், என் 4 ஜிபி லேப்டாப் அப்படியே நின்றுவிட்டது. நாடு முழுக்க 7,24,115 பெண்கள், ஆளுக்கு ஆயிரக்கணக்கான நெடுவரிசை! வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் ஆர் மென்பொருளில் படிக்க வைக்கலாம் என்று ஒரு சீனியர் அக்கா சொல்லும்வரை இரண்டு நாள் ரீஸ்டார்ட் செய்துகொண்டே இருந்தேன்.

அப்புறம் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) சராசரி போட்டால் இரண்டாயிரத்துச் சொச்சம் வருகிறது. தசமப் புள்ளி இல்லாமல் சேமித்திருக்கிறார்கள், 100ஆல் வகுக்க வேண்டுமாம். சரி, வகுத்தேன். அப்போதும் சிலருக்கு 99.98. அது பிஎம்ஐயே இல்லை, நம்ப முடியாத அளவுகளுக்குப் போட்டுவைத்த 9998 என்ற குறியீடு. நான் அதையும் சேர்த்துச் சராசரி எடுத்திருக்கிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து, பிஎம்ஐ 25ம் அதற்கு மேலும் உள்ளவர்களின் சதவீதத்தைக் கைடு மேடத்திடம் கொண்டுபோனேன். அவர் அந்தக் கணக்கெடுப்பின் அச்சிட்ட அறிக்கையைத் திறந்து, அதில் 40.4 என்று இருப்பதைக் காட்டி, "உன்னோடது ஏன்ப்பா வேற வருது?" என்றார். அவ்வளவுதான், மேலே ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரு வாரம் தூக்கம் போச்சு. முதலில் பிடிபட்டது வெயிட், அதாவது உடல் எடை அல்ல, சாம்பிளிங் வெயிட். மாவட்டவாரியாக முடிவு சொல்ல வேண்டிய கணக்கெடுப்பு என்பதால், சின்ன மாவட்டங்களில் மக்கள்தொகை விகிதத்துக்கு மேலாகவே ஆள் எடுத்திருப்பார்கள், அதைச் சரிக்கட்டத்தான் ஒவ்வொருவருக்கும் ஒரு வெயிட் (பத்து லட்சத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எண்ணிக்கை எங்கேயோ போய் நிற்கும்). சாம்பிளிங் பேப்பரில் வகுப்பிலேயே அதிக மார்க் வாங்கிய ஆள் நான், அதைப் போட மறந்திருக்கிறேன்! போட்டேன், பக்கத்தில் வந்தது, ஆனால் 40.4 இல்லை. கடைசியில் அறிக்கையின் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன். கர்ப்பிணிகளையும், முந்தைய இரண்டு மாதத்துக்குள் குழந்தை பெற்றவர்களையும் கணக்கில் சேர்ப்பதில்லையாம். நீக்கினேன். 40.4. ஹாஸ்டலில் இரவு ஒன்றரை மணிக்கு நான் போட்ட சத்தத்துக்கு அறை நண்பன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

மீதி வேலை, பருமனோடு எதெல்லாம் தொடர்புடையது என்று பார்க்கும் லாஜிஸ்டிக் ரிக்ரஷன் எல்லாம், பத்தே நாளில் முடிந்தது.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "இத்தனை ஆயிரம் பேரை வைத்துக்கொண்டால் எதுதான் சிக்னிஃபிகன்ட் ஆகாது?" என்று கேட்டார். அதாவது, ஆள் அதிகமானால் துளி வித்தியாசம்கூடத் தற்செயல் அல்ல என்று பி-வேல்யூ சொல்லிவிடும். நல்லவேளை, பி-வேல்யூவை நம்பி எதையும் எழுதாதே என்று மேடம் முன்பே திட்டியிருந்ததால் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று காட்டும் ஆட்ஸ் விகிதங்களையும், அவை எவ்வளவு துல்லியம் என்று காட்டும் நம்பக இடைவெளிகளையும் தனிப் பக்கமாக வைத்திருந்தேன். அதைப் புரட்டிக் காட்டினேன். இரண்டு நிமிடம் பார்த்தார், போகலாம் என்றார்.