என்கே வால்வெள்ளியின் தூசி எங்கே போகிறது? கணினியில் போட்டுப் பார்த்தேன்

மாசி மாதத்து நிலவில்லா இரவுகளில் சாட்டிக் கடற்கரையில் நின்றால், பொழுது பட்ட பிறகு மேற்கே கூம்பு மாதிரி ஒரு மங்கிய வெளிச்சம் தெரியும். கோள்களுக்கு இடையே மிதக்கும் தூசியில் பட்டுத் தெறிக்கும் சூரிய ஒளி அது. அந்தத் தூசியில் பெரும்பங்கு வியாழன் குடும்பத்துக் குறுங்கால வால்வெள்ளிகள் (வியாழனின் ஈர்ப்புப் பாதையைத் தீர்மானிக்க, சில வருடங்களுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றி வருபவை) கொட்டியது என்று வாசித்த நாளிலிருந்து, ஒரு வால்வெள்ளியையாவது எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

என்கேயை எடுத்தேன். 3.3 வருடத்துக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றுகிறது. கிட்ட வரும்போது 5 கோடி கிலோமீற்றர்வரை வந்து, செக்கனுக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் திரும்புகிறது. அந்தச் சூட்டில் பனி நேரே வாயுவாகிச் சீறும். அந்த வாயுதான் தூசியைக் கிளப்பிக்கொண்டு போகிறது.

வெளியே வந்த துணிக்கையைச் சூரியன் ஈர்க்கிறது, சூரிய ஒளி தள்ளுகிறது. இரண்டுமே தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால் விகிதம் மாறுவதில்லை. தள்ளும் விசையை ஈர்க்கும் விசையால் வகுத்த அந்த விகிதத்துக்குப் பெயர் பீட்டா. துணிக்கை சின்னதானால் பீட்டா பெரிது. ஆகவே ஒவ்வொரு துணிக்கைக்கும் சற்றே பாரம் குறைந்த ஒரு சூரியன் இருப்பதாக எடுத்துக்கொண்டால் சுற்றுப்பாதையில் எந்த நேரம் எங்கே இருக்கும் என்று சொல்லும் கெப்லர் சமன்பாடே போதும். பைதானில் எழுதினேன், என் பழைய மடிக்கணினியே தாங்கியது.

தண்ணீரின் அடர்த்தியுள்ள துணிக்கைகளை, சூரியனுக்கு மிகக் கிட்டிய இடத்தில், தனி வேகம் எதுவும் கொடுக்காமல் விட்டேன். 0.6 மில்லிமீற்றர் ஆரையுள்ளது என்கேக்கு 23 நாள் பிந்தித் திரும்பியது. 0.06 மில்லிமீற்றர் ஆரையுள்ளது ஒன்பது மாதமளவில் பிந்தியது. 7 மைக்கிரோமீற்றருக்கும் சிறியவை திரும்பவே இல்லை, சூரியனின் பிடியை விட்டே போய்விட்டன. அளவு வாரியாகத் தூசி தானாகப் பிரிவதைத் திரையில் பார்க்க அவ்வளவு சந்தோசம்.

பெரிய துணிக்கைகளின் கதைதான் எனக்கு இன்னும் பிடித்தது. சுற்றுக்கு 23 நாள் பிந்தினால் ஏறத்தாழ 180 வருடத்தில் ஒரு முழுச் சுற்றே பின்தங்கிவிடும். அதாவது அதற்குள் பாதை முழுக்கத் தூசி பரவியிருக்கும். 2004 இல் ஸ்பிற்சர் விண் தொலைநோக்கி அகச்சிவப்பில் எடுத்த படத்தில் என்கேயின் பாதையோடு நீளமாகக் கிடக்கும் தடம் இப்படிப்பட்ட பருந்தூசிதான். வாயு கொடுக்கும் உதையும் சும்மா இல்லை: முன்பக்கமாகச் செக்கனுக்கு 10 மீற்றர் கிடைத்தாலே சுற்றுக்காலம் 6 நாள் கூடுகிறது.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி படத்தைப் பார்த்துவிட்டு, “அண்ணை, வால் எண்டா பின்னாலதானே இழுபட வேணும்?” என்று கேட்டான்.

“அங்க காத்து இல்லையடா. வெளிச்சம்தான் தள்ளுது. சூரியனை விட்டு விலகிப் போகேக்க வால் முன்னுக்குப் போகும்.”

நல்ல கேள்வி. பாடப்புத்தகப் படங்களில் இதைத் தெளிவாகக் காட்டினால் எவ்வளவு நல்லது!

இனி வியாழனைச் சேர்க்க வேண்டும். என்கேயோடு தொடர்புடைய தூசி பூமியின் வளியில் எரிவதால் தெரியும் டோரிட் எரிவெள்ளிகள் ஐப்பசி, கார்த்திகை என்று வாரக்கணக்கில் நீள்வதற்குக் காரணம், கோள்களின் ஈர்ப்பு, முக்கியமாக வியாழனுடையது, பாதைகளைக் காலப்போக்கில் திருப்பித் தடத்தை அகலமாக்குவது. அதற்குக் கெப்லர் சமன்பாடு மட்டும் காணாது. படிப்படியாகக் கணித்துப் போக வேண்டும். நிரலின் முதற்பகுதியை எழுதத் தொடங்கிவிட்டேன்.