முதல் ஊசிக்கு முன்பு கேட்க வேண்டியது

இளம் வயதில் புற்றுநோய் கண்டறியப்பட்ட ஒருவரிடம் பேசும்போது, நோய் எந்த நிலையில் இருக்கிறது, எந்த மருந்து, எத்தனை சுழற்சி, எப்போது தொடங்குவது என்ற வரிசையில் மருத்துவரின் பேச்சு ஓடிவிடும். பிற்காலத்தில் குழந்தை பெற்றுக்கொள்ள விருப்பம் உண்டா என்ற கேள்வி அந்த வரிசையின் கடைசியில் நிற்கும். பல நேரங்களில் அதன் முறை வருவதற்குள் சந்திப்பே முடிந்திருக்கும். அதைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரே, மருந்து தொடங்கும் முன், தாமாக எழுப்ப வேண்டும் என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை. அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2006-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே வலியுறுத்துகிறது.

எல்லா மருந்துகளும் கருவளத்தை ஒரே அளவில் பாதிப்பதில்லை. சைக்ளோபாஸ்பமைடு, புசல்பான், புரோகார்பசின் போன்றவை சூலகத்தையும் விந்தகத்தையும் கடுமையாகத் தாக்கும். வின்கிரிஸ்டினால் வரும் ஆபத்து குறைவு. கதிர்வீச்சைப் பொறுத்தவரை, சூலகத்தில் உள்ள முட்டைகளில் பாதியை அழிக்க ஏறத்தாழ 2 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவே போதும். எனவே 'உங்களுக்கான சிகிச்சையில் ஆபத்து இவ்வளவு' என்று அவரவர் மருந்துத் திட்டத்தை வைத்துப் பேச வேண்டுமே தவிர, பொதுவாக அச்சுறுத்துவதும் பொதுவாக ஆறுதல் சொல்வதும் தவறு.

மருத்துவர்கள் மௌனமாக இருப்பதற்கு அறியாமையை விட அனுமானமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். இவருக்கு இன்னும் திருமணமாகவில்லை, இவருக்கு ஏற்கெனவே ஒரு குழந்தை இருக்கிறது, இவருக்கு நோய் முற்றிவிட்டது, இந்த நேரத்தில் இதைக் கேட்டால் மனம் உடைந்துவிடுவார் என்று கேள்விக்கு நாமே விடையும் எழுதிவிடுகிறோம். கேட்டுப் பார்த்தால், மனம் உடைவதற்கு மாறாக, 'அப்படியானால் நான் பிழைப்பேன் என்று நம்புகிறீர்களா' என்று நிமிர்ந்து உட்கார்ந்தவர்களும் உண்டு. நோய் முற்றிய நிலையில் இருப்பவரிடம் இதே கேள்வி பொய்யான நம்பிக்கையாகிவிடக் கூடாது என்பதும் உண்மைதான். அங்கே எதிர்பார்க்கக்கூடிய ஆயுளைப் பற்றிய பேச்சை முதலில் நேர்மையாக முடித்தாக வேண்டும்.

ஆண்களுக்கு வழி எளிது: முதல் மருந்துக்கு முன் விந்தணுவைச் சேகரித்து உறைநிலையில் வைப்பது. லிம்ஃபோமா என்னும் நிணநீர் மண்டலப் புற்றுநோய் உள்ளவர்கள் சிலருக்குச் சிகிச்சைக்கு முன்பே விந்தணுக்களின் எண்ணிக்கை குறைந்திருக்கும். ஒரே விந்தணுவை முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையில் பிறந்த குழந்தைகளைப் பற்றி 1992-இல் அறிக்கை வந்த பிறகு, குறைவு என்பது கைவிடுவதற்கான காரணமாக இல்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பதினாறு வயதுப் பையனிடம் பெற்றோரை அருகில் வைத்துக்கொண்டு இதைப் பேசினால், அவன் தரையைப் பார்த்தபடி வேண்டாம் என்றுதான் சொல்வான். பெற்றோருக்கு முன்கூட்டியே விளக்கிவிட்டு, அவனுடன் தனியே, சுற்றி வளைக்காமல், நேரான சொற்களில் பேசுவதே முறை.

பெண்களுக்குக் காலமே முதல் தடை. முட்டைகளை முதிர வைத்து, எடுத்து, உறைய வைக்க ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வேண்டும். மாதவிடாய்ச் சுழற்சியின் எந்த நாளிலும் முட்டைகளை முதிர வைக்கும் ஊசியைத் தொடங்கலாம் என்றான பின் காத்திருப்பு குறைந்திருக்கிறது. ஹார்மோனுக்கு வினைபுரியும் மார்பகப் புற்றுநோயில் லெட்ரோசோல் என்ற மருந்தைச் சேர்த்து ஈஸ்ட்ரோஜன் அளவைக் கட்டுக்குள் வைக்கிறார்கள். மார்பகப் புற்றுநோயில் அந்த இரண்டு வாரங்கள் பெரும்பாலும் கிடைக்கும். தீவிர லுகேமியாவில், அதாவது வேகமாக முற்றும் இரத்தப் புற்றுநோயில், கிடைக்காது. பூப்பெய்தாத சிறுமிகளுக்கு முட்டை எடுக்கும் வழியே இல்லாததால், சூலகத் திசுவை எடுத்து உறைய வைப்பதுதான் எஞ்சுகிறது. அவ்வாறு வைத்த திசுவை மீண்டும் பொருத்திய ஒரு பெண்ணுக்கு 2004-இல் பிரஸ்ஸல்ஸில் குழந்தை பிறந்தது. அவருக்கு இருந்தது ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா. லுகேமியாவிலோ, திசுவோடு புற்றணுக்களும் உடலுக்குத் திரும்பிவிடலாம் என்ற அச்சம் இருப்பதால், அதே வழியை அவர்களுக்குத் தயக்கமின்றிச் சொல்ல முடிவதில்லை.

இவற்றில் எதுவும் குழந்தைக்கு உத்தரவாதம் அல்ல என்பதைக் கையெழுத்துக்கு முன்பே சொல்லியாக வேண்டும். ஒப்புதல் படிவத்தில் இன்னொரு வரியும் உண்டு: நோயாளி இறந்துவிட்டால் சேமித்ததை என்ன செய்வது. அதை வாசிக்காமல் விரைந்து புரட்டும் மருத்துவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை வாசித்தே ஆக வேண்டும், அதுவும் கணவனோ தாயோ விடை சொல்வதற்கு முன் நோயாளியே விடை சொல்லும்படி.

வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களும் கணிசமாக உண்டு. அவர்களை வற்புறுத்தக் கூடாது; அவர்களுக்கு என்ன விளக்கப்பட்டது, என்ன முடிவெடுத்தார்கள் என்பது மட்டும் நோயாளிக் கோப்பில் தேதியோடு எழுதப்பட வேண்டும். சிகிச்சைக்குப் பின் மாதவிடாய் திரும்பியதை வைத்துக் கருவளம் முழுமையாக மீண்டுவிட்டதாக எண்ணிக் காலம் கடத்துபவர்களும், இனிக் கருவே தரிக்காது என்று எண்ணிக் கருத்தடையை விட்டுவிடுபவர்களும் பின்தொடர் சந்திப்புகளுக்கு வருகிறார்கள். அந்தப் பழைய குறிப்பு கோப்பில் இருந்தால், அடுத்து அமரும் மருத்துவர் பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம்.