அப்பாவின் கை நடுங்கிய இரண்டு நிமிடங்கள்

நாற்காலியிலிருந்து எழுந்தபோது அப்பாவின் வலது கை உதறியது. தம்ளர் விழுந்தது. இரண்டு நிமிடம் கழித்து, "ஒன்றுமில்லையம்மா" என்றார். அந்தச் சொல்லை நான் நம்பவில்லை, ஆட்டோ பிடித்தேன்.

கை உதறியது என்றதும் வலிப்பாக இருக்கலாம் என்றார்கள். சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. நரம்பியல் மருத்துவர் மட்டும், "எழுந்து நின்றபோதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தக் கேள்விக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். கழுத்துத் தமனி மிகவும் சுருங்கியிருந்தால், எழும்போது மூளைக்கு ரத்தம் குறைந்து எதிர்ப்பக்கக் கை உதறுமாம்.

அப்பாவின் நரைத்த தலையில் பசை தடவி மின்முனைகளை ஒட்டி, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுத்தார்கள். வலிப்புக்குரிய கூர்மையான அலைகள் இல்லை. இடப்பக்கம் அலைகள் சற்று மந்தமாக ஓடின. அது மட்டும் போதாது, ஒரு முறை எடுத்த பதிவு சரியாக இருப்பதால் வலிப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது என்றும் மருத்துவர் விளக்கினார்.

அடுத்து எம்.ஆர்.ஐ. சி.டி.யில் தெரியாத புதிய சிறு சேதமும் அதன் 'டிஃப்யூஷன்' படத்தில் வெள்ளையாகத் தெரியும். முன்பு அறிகுறிகள் 24 மணி நேரத்துக்குள் சரியானால், மூளைக்கான ரத்த ஓட்டத்தில் தற்காலிகத் தடை என்பார்கள். 2009-இல் அமெரிக்க இதயச் சங்கம் அந்தக் கணக்கை விட்டு, திசு இறந்ததா என்பதையே அளவுகோலாக்கியது. அப்பாவுக்கு வெள்ளைப் புள்ளி இல்லை; தற்காலிகத் தடைதான்.

ஒலி அலைகளால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் சோதனையில் இடது கழுத்துத் தமனி பாதிக்கு மேல் அடைத்திருந்தது. வியாழக்கிழமை அறுவை சிகிச்சை.