பலத்த கை இருந்தால் போதுமா?

தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனில் பாக்ஸிங் பேச உட்கார்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் யாருக்குக் கை பலம் என்பதில்தான் வந்து நிற்கும். எனக்கு அது சலித்து ரொம்ப நாளாகிறது. கை பலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருவனுடைய பெரிய ஆயுதம் அன்றைக்குப் பலிக்காமல் போனால் அப்புறம் அவனிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்துத்தான் அவன் முழுமையான குத்துச்சண்டைக்காரனா இல்லையா என்று சொல்ல முடியும், இதுதான் என் கட்சி.

கோரி சாண்டர்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம நாட்டுக்காரர், இடது கைக்காரர், ஹெவிவெயிட் என்கிற அதிக எடைப் பிரிவில் அப்படி வேகமான கை அபூர்வம். 2003இல் ஜெர்மனியில் விளாடிமிர் கிளிச்கோவை இரண்டே ரவுண்டில் சாய்த்தபோது உலகமே வாயைப் பிளந்தது. அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில் விளாடிமிரின் அண்ணன் விட்டாலி எதிரே நின்றார். சாண்டர்ஸின் இடது கை அவர் மேலும் விழத்தான் செய்தது, ஆனால் ஆள் விழவில்லை. விழாதவனை என்ன செய்வது என்பதற்கு சாண்டர்ஸிடம் வேறு வழி இல்லை, மூச்சும் இல்லை, எட்டாவது ரவுண்டில் சண்டையை நிறுத்திவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அடி வாங்கிய தம்பி விளாடிமிர்தான் இமானுவேல் ஸ்டீவர்டிடம் பயிற்சி எடுத்து ஆட்டத்தையே மாற்றிக்கொண்டு, ஜாபை, அதாவது முன்னால் இருக்கும் கையால் நேராகப் போடும் குத்தை, நீட்டித் தூரத்தைக் காத்து, எதிராளி உள்ளே வந்தால் கட்டிப் பிடித்துத் தொங்கி, 2006 முதல் 2015 வரை பட்டத்தைக் கையைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டார். பார்க்கக் கொட்டாவி வரும், ஒத்துக்கொள்கிறேன்.

நான் போகும் சாட்ஸ்வர்த் ஜிம்மில் ஒரு வயதான அங்கிள் இருக்கிறார். ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச் சுவர்வரை நெஞ்சு உயரத்துக்கு ஒரு கயிறு கட்டுவார். பையன்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தலையை நுழைத்து, ஒவ்வொரு தடவையும் ஒரு ஜாப் போட்டு, சின்னச் சின்ன எட்டாக முன்னேற வேண்டும். அவர் கையைப் பார்ப்பதே இல்லை. "டேய் தம்பி, அடிச்சது சரி, இப்ப உன் கால் எங்க நிக்குது பாரு" என்பார். குனிந்து பார்த்தால் வலது கையை வீசிய வேகத்தில் பின்கால் இழுபட்டு முன்காலுக்கு நேராக வந்து நிற்கும், ஒரு விரலால் தள்ளினால் பையன் சாய்ந்துவிடுவான். ஜாப் போட்ட கை தாடைக்குத் திரும்பாமல் இடுப்புப் பக்கம் இறங்கினால் திறந்த கன்னத்தில் லேசாக ஒரு தட்டு விழும். அடிப்பது யாருக்கும் வரும். அடித்து முடித்த அந்த ஒரு நொடியில் கால், தாடை, கை மூன்றும் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்பதில்தான் எனக்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது.

மூச்சு அடுத்தது. கடற்கரை ஊர்ப் பையன்கள் ஜோஹன்னஸ்பர்க் போய்ச் சண்டை போட்டால் மூன்றாவது ரவுண்டிலேயே வாயைத் திறந்துவிடுவார்கள், மேட்டு நிலக் காற்று அப்படி. 2001இல் ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துப் பிராக்பனில், சுமார் 1,600 மீட்டர் உயரத்தில், அப்போதைய ஹெவிவெயிட் உலக சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸ் சண்டைக்கு இரண்டு வாரம்கூட இல்லாதபோது வந்து இறங்கினார், அவரோடு மோத வந்த ஹசீம் ரஹ்மானோ முன்னாலேயே வந்து உடம்பைப் பழக்கிக்கொண்டிருந்தார். ஐந்தாவது ரவுண்டில் ரஹ்மானின் வலது கை ஒன்றில் லூயிஸ் மல்லாந்தார்.

என்னைக் கேட்டால் நம் நாட்டில் எல்லாம் நிறைந்த ஆள் பிரையன் மிச்செல்தான். 1986இல் சன் சிட்டியில் டபிள்யூபிஏ (உலகக் குத்துச்சண்டைச் சங்கம்) பட்டம் வாங்கினார். நிறவெறி ஆட்சிக்கு எதிரான தடையால் அதற்கப்புறம் சொந்த மண்ணில் பட்டத்தைக் காக்க முடியவில்லை, 12 தடவையும் வெளிநாட்டில்தான். கைதட்ட ஆள் இல்லை, புள்ளி போடும் நடுவர்கள் உள்ளூர்க்காரன் பக்கம் சாயலாம். ஒரு பெரிய குத்தை நம்பி அப்படி வண்டி ஓட்ட முடியாது. 1991 மார்ச்சில் டோனி லோபசோடு அவருடைய ஊரான சாக்ரமெண்டோவிலேயே மோதிச் சமன் செய்தார். செப்டம்பரில் அதே ஊருக்குத் திரும்பிப் போய், புள்ளிக் கணக்கிலேயே ஜெயித்து லோபசின் பட்டத்தையும் எடுத்துவந்தார்.

சரி, அப்போது நம் நாட்டு இன்னொரு சாம்பியன் பேபி ஜேக் மட்லாலா? 147 சென்டிமீட்டர் ஆள், தூர நின்று ஜாப் போடும் ஆட்டமே அவருக்குக் கிடையாது, என் கணக்குப்படி அவர் முழுமையில்லாதவர் என்று ஜிம்மில் மடக்குகிறார்கள். ஆனால் அவர் உள்ளே நுழைந்துவிட்டால் என்ன நடந்தது என்று பாருங்கள்: விலாவுக்கு இரண்டு, மேலே ஒன்று, தலையை எதிராளியின் தோளுக்கடியில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் ஒரு எட்டு, மறுபடி விலாவுக்கு. அந்த ஒரு முழத் தூரத்துக்குள் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. 1997இல் லாஸ் வேகாஸில் மைக்கேல் கார்பஹால் மாதிரி ஒலிம்பிக் வெள்ளி வாங்கிய ஆளே ஒன்பதாவது ரவுண்டுக்கு மேல் தாங்கவில்லை. மட்லாலாவை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று அங்கிளுக்கும் எனக்கும் இன்னும் தகராறுதான், அங்கிள் மிச்செலைவிட மட்லாலாவைத்தான் மேலே வைக்கிறார்.