கேட்டதும் கேளாததும்: மே மாத நாட்குறிப்பு

மே 5

பிரஷர் கிளினிக்குக்கு வந்த ஓர் அம்மா, கதவுக்கு முதுகைக் காட்டி இருக்க மறுத்து, கதிரையைச் சுவரோடு நகர்த்திய பிறகே கையை நீட்டினார். 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாளில், இந்திய இராணுவம் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளரையும் வைத்தியரையும் தாதியரையும் சுட்டபோது தான் ஒரு வார்டில் படுத்திருந்ததை, மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு எழும்பும்போதுதான் சொன்னார். ஆறு வருடமாக எங்களிடம் வருகிறார். அவருடைய கொப்பியில் குளிசையின் அளவு மட்டும் கூடிக்கொண்டே போயிருக்கிறது.

மே 6

அம்மாவின் நாரி நோ குறையவில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்க 20ஆம் திகதி தந்திருக்கிறார்கள்.

மே 8

அமெரிக்க வைத்தியர்களான பெலிட்டியும் ஆண்டாவும் 1998இல் வெளியிட்ட சன் டியாகோ ஆய்வை மறுபடியும் வாசித்தேன். சிறுவயதில் அடி, வசை, பாலியல் துன்பம், குடிகாரர் இருந்த வீடு ஆகியவற்றைக் கண்டவர்களுக்குப் பல வருடங்களின் பின்னர் இதயநோயும் நுரையீரல் நோயும் கூடுதலாக வருவதை, வளர்ந்தோர் 9,000 பேருக்கு மேல் தந்த விடைகளிலிருந்து அது காட்டியது. அந்தப் பட்டியலில் ஷெல் இல்லை, பங்கர் இல்லை, 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்த சனமும் இல்லை. ஆகவே கிளினிக்கில் கேட்க, சண்டைக் காலத்தைப் பற்றி நானே ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டேன்.

மே 9

இன்று எழுபத்திரண்டு பேர். ஒருவரிடமும் கேட்கவில்லை.

மே 13

தீராத அடிவயிற்று நோவுடன் வந்தவர், பரிசோதிக்கப் படுக்கச் சொன்னதும் சேலைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டார். சண்டைக் காலத்தில் ஏதேனும் நடந்ததா என்று கேட்டேன்.

"சண்டையில எனக்கு ஒண்டும் நடக்கேல்லை, டொக்டர்."

அந்த முதற்சொல்லை அவர் அழுத்திச் சொன்ன விதத்தை இப்போதும் கேட்கிறேன். திரைச்சீலைக்கு அப்பால் மாமியார் இருந்தார். மாமியாரை மருந்தெடுக்கும் வரிசைக்கு அனுப்பச் சொல்லித் தாதியிடம் கேட்டுக்கொண்டு, சண்டை என்ற சொல்லை விட்டுவிட்டு, எக்காலத்திலும் எவராலும் உடம்புக்கோ மனதுக்கோ துன்பம் நேர்ந்ததா என்று கேட்டேன். கொப்பியின் மூலையை மடித்து, நிமிர்த்தி, மறுபடியும் மடித்தார். "இண்டைக்கு வேண்டாம்." சொல்லாவிட்டாலும் வைத்தியம் உண்டு என்றும், கை வைக்குமுன் ஒவ்வொரு முறையும் கேட்பேன் என்றும், போதும் என்றால் உடனே நிறுத்துவேன் என்றும் சொன்னேன். இன்று பரிசோதிக்கவில்லை. இரண்டு கிழமையில் வரச் சொல்லியிருக்கிறேன்.

இந்த ஊரில் காயம் என்றால் யுத்தம்தான் என்று எண்ணிவிடுகிறோம். வீட்டுக்குள் பட்டவர்களுக்கு அந்த எண்ணமே வாயடைப்பாகி விடுகிறது.

மே 16

கேட்டுவிட்டு எங்கே அனுப்புவது? மனநலக் கிளினிக்குக்குத் துண்டு எழுதினால் "விசர்" என்று ஊர் சொல்லும் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைக் கடக்கக் கூடவே நடக்க ஓர் ஆளில்லாமல், கடதாசியை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மே 18

வீதியோரத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தார்கள். அம்மா குடித்து முடித்தும் சிரட்டையைக் கீழே வைக்கவில்லை.

மே 20

ஸ்கான் எடுக்கும் தம்பி, தாளைப் பார்த்தபடி, "உடம்பில பீஸ் ஏதும் இருக்கோ அம்மா? எல்லாரிட்டயும் கேக்கிறது" என்றார்.

"ஓம் தம்பி, இதில ஒண்டு இருக்கு," என்று அம்மா வலது இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

ஷெல் துண்டு இரும்பானால் காந்தப்புலம் அதை அசைத்துவிடக்கூடும் என்பதால் ஸ்கானை நிறுத்தி, முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். முப்பத்தாறு வருடம் அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்தவள் நான். வரும் வழியில் ஓட்டோவில் நாங்கள் பேசவில்லை.

மே 21

எக்ஸ்ரே படத்தை யன்னலில் பிடித்துப் பார்த்தேன். உளுந்தளவில், ஓரங்கள் கூராக, வெள்ளையாகத் தெரிகிறது.

அந்தத் தம்பி தாழ்ந்த குரலில் கேட்கவில்லை, முகத்தை இரக்கமாக வைத்துக்கொள்ளவுமில்லை. எல்லாரிடமும் கேட்பதை அம்மாவிடமும் கேட்டார், அவ்வளவுதான். நான் ஆளைப் பார்த்துத் தெரிவுசெய்து கேட்கிறேன். என்னில் எதைக் கண்டு கேட்கிறாள் என்ற கூச்சம் கேள்விக்கு முன்னரே அவர்களுக்கு வந்துவிடுகிறது.

மே 26

தாதியுடன் பேசினேன். நாளை முதல், பிரஷர் பார்ப்பதைப்போல, ஒவ்வொருவரிடமும், தனியாக, ஒரே சொற்களில் கேட்போம். கூட வருபவர்கள் வெளி வாங்கில் இருக்க வேண்டும்.

மே 27

அவர் வந்திருக்கிறார். வரிசையில் ஒன்பதாவது.